விளக்கின் வயிற்றில் பிறந்த பெட்டி

தொலைக்காட்சி பார்க்கும்போது அறை விளக்கை அணைத்துவிடும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? மின்சாரம் மிச்சமாகும் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த மிச்சத்தைக் கணக்கிடுமுன், விளக்குக்கும் பெட்டிக்கும் உள்ள உறவைச் சற்றுப் பார்ப்போம்.

1879-இல் எடிசன் கார்பன் இழை விளக்கை எரியவிட்டார். நாளடைவில் குமிழின் உட்புறம் கறுத்துப்போயிற்று. காரணம் தேடிய அவர், குமிழுக்குள் தனியாக ஓர் உலோகத் தகட்டைப் பொருத்திப் பார்த்தார். சூடான இழையிலிருந்து வெற்றிடத்தைத் தாண்டி அத்தகட்டுக்கு மின்னோட்டம் பாய்ந்தது! 1883-இல் இதற்குக் காப்புரிமை கோரினாரேயன்றி, ஏன் என்பது அவருக்கு விளங்கவில்லை. எலெக்ட்ரானே 1897-இல்தானே கண்டுபிடிக்கப்பட்டது! எடிசன் கம்பெனிக்கு லண்டனில் ஆலோசகராக இருந்த ஃபிளெமிங், 1904-இல் இதே அமைப்பைக் கொண்டு முதல் வால்வைச் செய்தார். வால்வு என்பது வேறொன்றுமன்று. ஒளிக்காக அன்றி எலெக்ட்ரான்களுக்காக எரியும் விளக்குதான். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத் துளைகள் வழியே எட்டிப் பார்த்தவர்கள், உள்ளே செந்நிறத்தில் கனலும் வால்வுகளைக் கண்டிருப்பார்கள்.

இத்தனை இழைகளையும் சூடேற்ற வேண்டுமே! வால்வுப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 150 வாட் உண்டது. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, 40 வாட் குழல் விளக்கு சோக்கையும் சேர்த்து 50 வாட் எடுத்தது. எனவே ஒரு பெட்டி மூன்று குழல் விளக்குகளுக்குச் சமம். மாலையில் மூன்று மணி நேரம் பெட்டி ஓடினால் 450 வாட்-மணி. அந்நேரம் ஒரு குழல் விளக்கை அணைத்தால் 150 வாட்-மணி மிச்சம், அதாவது பெட்டியின் செலவில் மூன்றிலொரு பங்கு. பெரியவர்கள் சொன்னது சரியே.

டிரான்சிஸ்டர் வந்து வால்வுகளை விரட்டியது, செலவு குறைந்தது. 1982-இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியதும் சற்றே ஏறியது. பின்னர் வந்த தட்டையான எல்.சி.டி. திரை தானே ஒளிர்வதில்லை. முதலில் அதன் பின்னால் மெல்லிய குழல் விளக்குகளை வைத்தார்கள், பிறகு எல்.இ.டி.க்களை வைத்தார்கள். நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள் அல்லவா? உங்கள் அறையின் வெள்ளை விளக்கும் அந்த நீல ஒளியிலிருந்து பிறந்ததே. சுற்றிவந்து, பெட்டி மீண்டும் விளக்காகிவிட்டது!

இப்போது கணக்குக்கு வருவோம். 32 அங்குலப் பெட்டி சுமார் 50 வாட். மூன்று மணி நேரத்துக்கு 150 வாட்-மணி. 9 வாட் எல்.இ.டி. விளக்கை அந்நேரம் அணைத்தால் மிஞ்சுவது வெறும் 27. ஆனால் பெட்டியருகே ஒரு செட்-டாப் பாக்ஸ் இருக்கிறதே! ரிமோட்டால் அணைத்தாலும் பல செட்-டாப் பாக்ஸ்களில் செலவு பெரிதாகக் குறைவதில்லை. அது 10 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பார்க்காத மீதி 21 மணி நேரத்தில் 210 வாட்-மணி. படம் பார்த்த செலவைவிட அதிகம். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால்தான் அது நிற்கும்.