கடைசி சீஃப் பாரன்

அரசாங்கத்தின் வரவு சம்பந்தமான வழக்குகளை விசாரிக்கும் பொருட்டுத் தோன்றி, பிற்காலத்தில் சாதாரண சிவில் வியாஜ்யங்களையும் தன் அதிகாரத்துக்குள் கொண்டுவந்த எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தின் தலைவரைச் சீஃப் பாரன் என்றழைப்பது இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் நெடுநாள் வழக்கம். அப்பட்டத்தை இரு நாடுகளிலும் கடைசியாகத் தாங்கியவர், 1831-ல் டப்ளினில் பிறந்த கத்தோலிக்கரான கிறிஸ்தோபர் பாலிஸ். கிளாங்கோவ்ஸ் உட் என்ற ஏசு சபையார் பள்ளியிலும் டிரினிட்டி கல்லூரியிலும் கற்று, 1853-ல் வக்கீலாகி, 1872-ல் அட்டர்னி ஜெனரலாக உயர்ந்த அவர், அவ்வாண்டே டெரி நகரில் பார்லிமெண்டுக்கு நின்று தோற்றார். அத்தோல்வி அயர்லாந்தின் சட்டத்துக்குப் பெரும் லாபமாயிற்று என்றே நான் கருதுகிறேன். 1874-ல் நீதிபீடம் ஏறியவர், 1897-ல் எக்ஸ்செக்கர் பிரிவே குவீன்ஸ் பெஞ்சோடு கலந்து மறைந்த பின்னும் பட்டம் குன்றாமல், 1916 வரை, நாற்பத்திரண்டு ஆண்டுகள் அதில் அமர்ந்திருந்தார்.

அவருடைய ஞானத்தின் உறுதியைக் காட்டுவது 1890-ம் வருஷத்து பெல் வழக்கு. ஏற்றத்தில் பின்னோக்கி ஓடிய ரயிலில் இருந்த ஒரு பெண்மணி, அந்தப் பீதியினால் தேகாரோக்கியம் கெட்டு, கிரேட் நார்தர்ன் ரயில்வேயிடம் நஷ்ட ஈடு கோரினார். வெறும் பயத்தால் விளைந்த நோய்க்கு நஷ்ட ஈடு கிடையாது என்று இரண்டு வருஷங்களுக்கு முன்புதான் லண்டன் பிரிவி கவுன்ஸில் ஆஸ்திரேலிய வழக்கொன்றில் தீர்த்திருந்தது. ஆனால் லிமரிக் ஜங்ஷனில் தந்தி அலுவலகச் சுவரை ரயில் இடித்துப் புகுந்தபோது, உடம்பில் எதுவும் படாமலே அதிர்ச்சியால் நோயுற்ற பைர்ன் என்பவருக்கு அயர்லாந்து நீதிமன்றம் முன்னமே ஈடு வழங்கியிருக்க, மனத்தின் வழியே சென்று நரம்புகளைத் தாக்கும் தீங்கும் தேகத்துக்கு நேர்ந்த தீங்கேயன்றோ என்று கண்ட பாலிஸ், பிரிவி கவுன்ஸிலைப் பின்பற்ற மறுத்தார். 1901-ல் இங்கிலாந்தின் நீதிபதிகளும் அந்தத் தீர்ப்பையே ஆதரித்துப் பேசினார்கள்.

ஆயினும், பிறருடைய தீர்ப்பை மறுப்பதைவிடத் தம்முடைய தீர்ப்பையே மறுப்பது அரிது. இறந்தோரின் ஆன்ம சாந்திக்காகப் பூசை வைக்கும்படி மரண சாசனத்தில் எழுதிய பணம், அப்பூசை ஜனங்கள் கூடும் பகிரங்க பூசையாக இராவிட்டால், தர்மக் கொடையாகாது என்று 1875-ல், டெலேனி வழக்கில், கத்தோலிக்கரான அவரே தீர்ப்பளித்திருந்தார். முப்பத்தோராண்டு கழித்து, ஓஹான்லன் – லோக் வழக்கு அப்பீலில் வந்தபோது அதே கேள்வியை மீண்டும் அடிமுதல் ஆராய்ந்தார். எல்லாச் சமயங்களும் சட்டத்தின் முன் சமம் என்றான பிறகு, ஒரு சமயத்தின் வழிபாட்டால் விளையும் நன்மை இன்னதென்பதை அச்சமயத்தாரின் நம்பிக்கையைக் கொண்டே நீதிமன்றம் அளக்க வேண்டும். குருவானவர் திருச்சபை முழுவதன் பெயராலும் செலுத்தும் பலியின் பயன், எதிரே ஜனங்கள் இருப்பதையும் இல்லாதிருப்பதையும் பொறுத்ததன்று என்று நிலைநாட்டித் தம் பழைய கொள்கையைக் கைவிட்டார்.

இங்கிலாந்திலோ, பூசைக்கான கொடைகள் மூடநம்பிக்கைக்காக விட்ட பணமென்று செல்லாதவையாகவே எண்ணப்பட்டு வந்தன. பிரபுக்கள் சபை 1919-ல்தான் போர்ன் – கீன் வழக்கில் அத்தடையை நீக்கிற்று. பாலிஸ் அப்போது ஓய்வில் இருந்தார். அடுத்த பிப்ரவரியில் காலமானார்.