மீர்ஷாம்

துருக்கி தேசத்தின் எஸ்கிஷேஹிர் பிரதேசத்தில் பூமிக்கடியினின்று தோண்டியெடுக்கப்பெற்று, சுங்கான் என்னும் புகைக்குழாய் செதுக்குவதற்கு உதவும் மிருதுவான வெண்கல்லுக்கு ஜெர்மானியர் இட்ட பெயரே மீர்ஷாம் என்பது. கடலைக் குறிக்கும் சொல்லும் நுரையைக் குறிக்கும் சொல்லும் கூடிக் கடல்நுரை என்று பொருள்படும் இப்பெயர், உலர்ந்த நிலையில் நீரில் மிதக்கவல்ல அக்கல்லின் லாகவத்தையும் அதன் வெண்மையையும் ஒருங்கே உணர்த்துவதால், இதனினும் பொருத்தமான நாமம் அதற்கு வாய்த்திராது என்றே சொல்வேன். துருக்கியரோ பயனை நோக்கிச் ‘சுங்கான் கல்’ என்று பொருள்படும்படி ‘லூலேதாஷி’ என்றனர்.

1847-ல் குளோக்கர் என்னும் ஜெர்மானியக் கனிம சாஸ்திரி, கணவாய் ஓட்டைச் சுட்டும் கிரேக்கச் சொல்லினின்று ‘செபியோலைட்’ என்னும் பெயரை இதற்கு அமைத்தார். நம் சித்த வைத்தியர்கள் அதே கணவாய் ஓட்டைக் கடல்நுரை என்றே தொன்றுதொட்டு வழங்கி வருவதை நினைக்குங்கால், தொடர்பற்ற இரு தேசத்தாரின் கண்களும் ஒரே சாயலைக் கண்டிருப்பது எனக்குப் பெருவியப்பை அளிக்கிறது.

களிமண் சுங்கான் எளிதில் உடையும். மீர்ஷாமோ ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, புகைக்கப் புகைக்கப் பொன்னிறமும் பின்னர்ப் பழுப்பும் ஏறி அழகு பெறுவது. வியன்னா நகரத்துச் சிற்பிகள் இதில் நுட்பமான உருவங்களைச் செதுக்கிக் கீர்த்தி பெற்றனர்.

அமெரிக்காவில் மிசூரி மாகாணத்து வாஷிங்டன் என்னும் சிற்றூரில், மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைக் குடைந்து 1869-ல் சுங்கான் செய்யத் தொடங்கிய ஹென்றி டிப்பி என்னும் மரவேலைக்காரர், லேசாகவும் நுண்துளைகளோடும் இருந்த தம் சரக்குக்கு ‘மிசூரி மீர்ஷாம்’ என்றே பெயர் சூட்டினார்.