நாமும் நாங்களும்: இந்தோனேசிய விடுதலை வரலாற்றில் தன்மைப் பன்மை

குடியேற்ற நாடுகள் பேரரசுகளிலிருந்து பிரிவதற்குப் பொருளியல் சுரண்டலும் அரசியல் உரிமை மறுப்புமே காரணங்கள் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இவை உண்மையே, எனினும் முழு விளக்கம் ஆகா. சுரண்டல் நிலவிய காலமெல்லாம் விடுதலைக் கோரிக்கை எழுந்துவிடவில்லை. ஆளப்படுவோர் தம்மை ஒரு தொகுதியாக உணர்வதும், ஆள்வோரை அத்தொகுதிக்கு வெளியே நிறுத்துவதும் அதற்குத் தேவை. இலக்கண வழக்கில் கூறினால், கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' ஆக மாறவேண்டும். டச்சு ஆட்சியிலிருந்து இந்தோனேசியா விடுபட்ட வரலாற்றை இக்கட்டுரை இந்நோக்கில் அணுகுகிறது. தமிழைப் போலவே மலாய் மொழியும் இவ்வேறுபாட்டை உடையது: 'கித்தா' என்பது நாம், 'காமி' என்பது நாங்கள்.

ஜாவாவில் 1830 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயப் பயிர்முறை, ஊர் நிலத்தில் ஐந்திலொரு பங்கை ஏற்றுமதிப் பயிர்களுக்கு ஒதுக்கப் பணித்தது. நடைமுறையில் சுமை இதனினும் மிகுந்தது. எதிர்ப்புகளுக்கும் குறைவில்லை. திபநகாரா தலைமையில் 1825 முதல் 1830 வரை நடந்த ஜாவாப் போரும், 1873இல் தொடங்கிய அச்சேப் போரும் கடுமையானவை. ஆயின் ஜாவானியர் ஜாவாவுக்காகவும் அச்சேயர் அச்சேவுக்காகவும் போரிட்டனர். இரு சாராரையும் ஒருங்கே சுட்டும் அரசியற் பெயர் அன்று அவர்களிடையே வழங்கவில்லை.

அத்தகைய ஒருமைக்கு வழிவகுத்தது பேரரசேயாகும். டச்சு மொழியைச் சிலருக்கே கற்பித்த அரசு, தீவுகள்தோறும் மக்களோடு தொடர்புகொள்ள மலாய் மொழியைப் பயன்படுத்தியது. பிரித்தானிய அறிஞர்கள் 1850இல் ஆக்கிய 'இந்தோனேசியா' என்னும் சொல்லை, நெதர்லாந்தில் பயின்ற மாணவர்கள் 1920களில் அரசியற் பெயராக்கினர். 1928 அக்டோபரில் பத்தாவியாவில் கூடிய இளைஞர் மாநாடு ஒரே தாயகம், ஒரே தேசிய இனம் என உறுதி கூறியது. மொழியைப் பற்றி மட்டும் 'ஒரே மொழி' என்னாது, இந்தோனேசிய மொழியை ஒற்றுமை மொழியாகப் போற்றுவதாகக் கூறியது. பேசுவோர் தொகையால் முதலிடம் பெற்ற ஜாவானியம் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அது கேட்போரின் தகுதிக்கேற்பச் சொற்களையே மாற்றும் படிநிலைகளை உடையது. மலாய் பெரும்பாலோருக்கு இரண்டாம் மொழியாதலின் எப்பெரும் இனத்தின் மேலாண்மையையும் சுட்டவில்லை.

ஆள்வோரை விலக்கும் நிலை உடனே தோன்றியதன்று. பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்து தாம் விடுபட்ட நூற்றாண்டினை 1913இல் டச்சுக்காரர் தம் குடியேற்ற நாட்டிலும் கொண்டாட முற்பட்டனர். அப்போது சுவார்தி சூர்யநிங்ராத், 'நான் ஒரு டச்சுக்காரனாக இருந்தால்' எனும் கட்டுரையை டச்சு மொழியிலேயே எழுதினார், அவ்வாண்டே நாடுகடத்தப்பட்டார். 1936இல் சுதார்ஜோ கொணர்ந்த விண்ணப்பமோ, பேரரசுக்கு உட்பட்ட தன்னாட்சி பற்றிக் கலந்துபேச ஒரு மாநாட்டையே வேண்டியது. அறிவுரை மன்றம் ஏற்ற அதனையும் நெதர்லாந்து அரசு 1938இல் மறுத்தது. இருதரப்பையும் உளப்படுத்தும் 'நாம்' என்பதற்கு இருந்த வாய்ப்பு இவ்வாறு ஆள்வோராலேயே அடைக்கப்பட்டது.

1942இல் ஜப்பானியப் படையெடுப்பு டச்சு ஆட்சியை வீழ்த்தியது. 1945 ஆகஸ்டு 17 அன்று சுகர்ணோவும் ஹத்தாவும் வெளியிட்ட விடுதலைச் சாற்றுரை 'காமி' என்று தொடங்குகிறது. உலகை நோக்கிய அறிவிப்பில் இஃது இலக்கணப்படி இயல்பான தேர்வே. எனினும் வரலாறு முடித்துவைத்த பிரிவினை அவ்வொரு சொல் துல்லியமாகக் காட்டுகிறது. 1949 டிசம்பரில்தான் நெதர்லாந்து இறைமையை ஒப்படைத்தது.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்த கிழக்குத் திமோரை 1975இல் இந்தோனேசியப் படை கைப்பற்றியது. பள்ளிகளில் இந்தோனேசிய மொழி புகுத்தப்பட்டது. விடுதலை மொழியே அங்கு ஆதிக்க மொழியாயிற்று. 1999இல் நடந்த வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவிற்குள் தன்னாட்சி என்பதை நிராகரித்தனர். 2002இல் நாடு விடுதலை பெற்றது. அவர்தம் தேத்தும் மொழியிலும் 'இத்தா' என்பது நாம். 'அமி' என்பது நாங்கள்.

மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலத்திலும் டச்சிலும் இரண்டிற்கும் ஒரே சொல்லே உண்டு. அவற்றின் வழியாக இச்சாற்றுரையைத் தமிழாக்குவோர் 'நாம்' என எழுதிவிடின், எவரிடமிருந்து விடுதலை கோரப்பட்டதோ அவரையும் அத்தொகுதிக்குள் சேர்த்தவராவர்.