பகுப்பும் தொகுப்பும்: மானிப்பாயில் உடலியற் கல்வி

உடலை உறுப்புத் தொகுதிகளாகப் பகுத்துக் கற்பித்தல் எளிது. பகுத்தவை ஒன்றாய் இயங்கும் வகையை இளம் மாணவர் மனத்திற் பதித்தலே அரிது. இரைப்பையை ஓரியலிலும் இருதயத்தைப் பிறிதோரியலிலும் பயின்ற மாணவன், உண்ட சோறு கால்விரலைச் சென்றடையும் வழி யாதென வினவப்படின் திகைத்து நிற்பதுண்டு. இவ்விடர்ப்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டில் மருத்துவ வகுப்பை ஆரம்பித்தார். தமிழாக்குதற்கு அவர் முதன்முதல் தெரிந்தெடுத்த பாடநூல் மருத்துவர்க்குரிய பெருநூலன்று. கல்வின் கட்டர் என்னும் அமெரிக்க வைத்தியர் பாடசாலைகளையும் குடும்பங்களையும் கருதி எழுதியதாகும். 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயருடன் அது 1852இல் வெளிவந்தது. பெயர் நாவுக்குக் கடினமானதே, ஆயினும் பொருட்செறிவுடையது. அங்காதிபாதம் உறுப்புக்களின் அமைப்பையும், சுகரணம் அவற்றின் தொழிலையும், உற்பாலனம் நலம் பேணும் முறையையும் குறிப்பன. எலும்பு, தசை, சமிபாடு, குருதிச் சுற்றோட்டம், சுவாசம், தோல் என ஒவ்வொன்றுக்கும் இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்தமை கட்டரின் முறையாகும். நுரையீரலின் அமைப்பைக் கற்றவன், அது தொழிற்படும் வகையையும் தூய காற்று வேண்டப்படுவதன் காரணத்தையும் உடன் அறிந்துகொள்வான்.

ஆயினும் இவ்விணைப்பு பெரிதும் ஒவ்வோர் உறுப்பின் எல்லைக்குள்ளேயே நின்றது. உறுப்புக்கும் உறுப்புக்கும் உள்ள உறவைக் காட்டும் பொறுப்பு ஆசிரியரையே சார்ந்தது எனலாம். அதனைக் காட்டுதற்கு அக்கால யாழ்ப்பாணத்தில் கொடியதொரு சான்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு பலமுறை பரவிய வாந்திபேதியே அது. நோய்க்கிருமி தங்குவது சிறுகுடலிலேதான். ஆனால் நீரும் உப்பும் பெருமளவில் வெளியேறவே குருதியின் கனவளவு குறைகிறது, நாடி தளர்கிறது, சிறுநீர் சுரத்தல் நின்றுவிடுகிறது, தசைகளிற் பிடிப்பு உண்டாகிறது. குடலில் நேர்ந்த கேடு, சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்கிறது. தொகுதிகளின் கூட்டியக்கத்தை இதனினும் தெளிவாக உணர்த்தும் படம் எந்நூலிலும் இல்லை. இவ்விளக்கம் முழுவதும் மானிப்பாய் வகுப்பறைக்கு எட்டியிருந்ததெனக் கொள்ளல் தகாது. கொக் இக்கிருமியைப் பிரித்தறிந்ததே 1884இலாகும்.

ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகங்களை நாடிச் செல்லக் கண்ட கிறீன், கிராமங்களிலே தங்கிப் பணிபுரியும் வைத்தியரை உருவாக்கும் நோக்குடன் 1864இல் தமிழ்மொழி மூலமான வகுப்பைத் தொடங்கினார். அவரிடம் ஆங்கிலத்திலும் தமிழிலுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் பயின்றனர். அவர்களுடைய தேவைக்கு விரிவான நூல்கள் வேண்டப்பட்டன. கிறேயின் நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இலும், டால்ரனின் நூல் 'மனுஷ சுகரணம்' என 1883இலும் தமிழில் வெளிவந்தன. இவற்றால் அறிவு ஆழம் பெற்றது; ஆனால் ஓர் அட்டைக்குள் நின்ற அமைப்பும் தொழிலும் இரு நூல்களாகப் பிரிந்தன. வைத்திய மாணவனுக்கு இப்பிரிவு தவிர்க்கவியலாதது. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கோ, பல குறைகளுடனும் 1852ஆம் ஆண்டின் நூலே ஏற்றதாயிருந்திருக்கும்.