திரும்ப வரும் நோயாளர்: புதுக்கோட்டை மாவட்ட அவசர சிகிச்சை வரலாற்றில் எழுதப்படாத பகுதி

புதுக்கோட்டையின் நவீன மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1886இல் அங்குப் பிறந்து, ஆண்கள் பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம்பெற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அவ்வரலாற்றின் நடுநாயகம். அது பொருத்தமே. ஆயினும் மருத்துவமனை வாசலுக்கு மீண்டும் மீண்டும் வந்தவர்கள் யார் என்னும் வினா அதிகம் எழுப்பப்படவில்லை.

‘அடிக்கடி வருபவர்’ என்னும் வகைப்பாடு மேலைநாட்டு ஆய்வுகளில் உருவானது. ஆண்டுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை அவை பொதுவாக அவ்வாறு குறிக்கின்றன. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, இத்தகையோர் நோயாளருள் 4.5 முதல் 8 விழுக்காட்டினரே. வருகைகளிலோ 21 முதல் 28 விழுக்காடு இவர்களுடையவை. இவர்கள் காப்பீடற்றவர்கள், சிறு தொல்லைக்கும் ஓடிவருபவர்கள் என்ற பொதுக்கருத்தை அத்தொகுப்பு மறுத்தது. பெரும்பாலோர் காப்பீடு உடையவர்கள். வழக்கமான மருத்துவரிடமும் பிறரைவிட மிகுதியாகச் சென்றவர்கள். நாட்பட்ட நோயே அவர்களை அவசரப் பிரிவுக்கும் கொண்டுவந்தது.

இவ்வகைப்பாட்டைப் புதுக்கோட்டைக்குப் பொருத்த முனையும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது சான்றுச் சிக்கல். அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பதிவேடு காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டிய நேர்வுகளுக்கானது: சாலை விபத்து, அடிதடி, நஞ்சு. சல்லிக்கட்டில் மாடு முட்டிய இளைஞர் அதில் இடம்பெறுவார். மறுநாள் நாளிதழிலும் இடம்பெறுவார். மூச்சிரைப்போடு ஒரே மாதத்தில் மூன்று இரவுகள் வந்த முதியவருக்கு அதில் இடமில்லை. ஆவணம் ஒருமுறை வருபவரைக் காக்கிறது. திரும்ப வருபவரைத் தவறவிடுகிறது.

அடுத்தது தொலைவு. 1948இல் இந்தியாவுடன் இணைந்த புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. அறந்தாங்கிப் பகுதியோ தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இரண்டும் 1974இல் ஒரே மாவட்டமாயின. ஆனால் நிருவாக எல்லை மாறியதால் நோயாளரின் பாதை மாறிவிடவில்லை. கடுமையான நேர்வுகள் தொடர்ந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்பப்பட்டன. மாவட்டத்திற்கென மருத்துவக் கல்லூரி 2017இல்தான் வந்தது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊரினர் அதனை அடைய அறந்தாங்கியையும் கடந்து வரவேண்டும். 2008இல் தொடங்கிய 108 ஊர்தி நோயாளரைக் கொண்டுசேர்க்கும் சிக்கலைப் பெருமளவு குறைத்தது. திரும்பிச் செல்லும் பேருந்துக் கட்டணமும் இழந்த நாட்கூலியும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இங்கு நேரமும் ஒரு காரணி. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான புறநோயாளர் பிரிவு பெரிதும் பகற்பொழுதுக்கு உரியது. வயல்வேலைக்கோ கட்டட வேலைக்கோ செல்பவர் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விடவேண்டும். விட இயலாதவர் மாத்திரையை விடுகிறார். பின்னர் நள்ளிரவில் அவருக்குத் திறந்திருப்பது அவசரப் பிரிவு மட்டுமே. இதனை அலட்சியம் என்பது எளிது. ஆனால் அது நோயாளரைப் பற்றிய கூற்றே தவிர, கால அட்டவணையைப் பற்றியதன்று. 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு அளவிலான கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உடையோருள் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவில் இவ்வளவு 10.8 விழுக்காடு. இத்தகைய நிலையில் திரும்ப வருகைகள் மிகுதியாவதில் வியப்பில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. நாட்கூலியை இழக்காமல் மருந்து பெறும் வழி அரசுத் திட்டமாக உருப்பெற்றது இவ்வாறே. அவசரப் பிரிவில் நடைமுறைக்கு வந்த சிவப்பு, மஞ்சள், பச்சை வகைப்பாடோ அந்நேரத்து நோயின் கடுமையை அளக்கிறது. அவ்வாண்டில் அது அவருக்கு எத்தனையாவது வருகை என்பதை அவ்வண்ணங்கள் காட்டுவதில்லை. வீடுவாரியான மருந்துப் பட்டியலையும் அவசரப் பிரிவின் வருகைக் குறிப்பையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதே, எந்த ஊரில் மாத்திரை நின்றபின் எவர் இரவில் வந்தார் என்பது தெரியவரும்.