மண் தந்த காசும் ஏலம் வைத்த விலையும்

ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாறு இருவகைக் கருவூலங்களிலே தங்கியிருக்கின்றது. முன்னோர் எழுதிவைத்த ஏடு ஒன்று. அவர்கள் விட்டுச்சென்ற பொருள் மற்றொன்று. யாழ்ப்பாணத்திலே ஏடுகளிற் பல கறையானுக்கும் நெருப்புக்கும் இரையாயின. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அச்சு நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. பொருள்களோ இன்னும் நமது காலடி மண்ணிலே கிடக்கின்றன. அவற்றைத் திரட்டுவோர் யார், அவை எங்கே போய்ச் சேர்கின்றன, அவற்றுக்கு விலை வைப்போர் யார் என்பவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சுன்னாகத்துக்கு அணித்தாயுள்ளது கந்தரோடை. இன்று தோட்டமும் பனங்கூடலுமாய்த் தோன்றும் அவ்வூர் ஒருகாலத்திற் பெரு வாணிகத் தலமாய் விளங்கிற்று. அங்கே கிடைத்த பொருள்களை ஆராய்ந்து கலாநிதி போல் ஈ. பீரிஸ் அவர்கள் 1917, 1919 ஆம் ஆண்டுகளிலே கட்டுரைகள் வெளியிட்டார்கள். இந்தியாவிலே கிறித்துவுக்கு முன் வழங்கிய முத்திரை குத்திய காசுகளும், உரோம நாட்டுக் காசுகளும், இலக்குமி உருவம் பொறித்த தகடுகளும் அம்மண்ணிலிருந்து வெளிப்பட்டன. தாமரைமேல் நிற்கும் திருமகளும், அவளுக்கு இருமருங்கும் யானைகளும் அத்தகட்டின் ஒருபுறத்தை அணிசெய்கின்றன. முதலியார் செ. இராசநாயகம் 1926 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட யாழ்ப்பாணச் சரித்திர நூலிலே, பழைய இராசதானியாகிய கதிரமலை இக்கந்தரோடையே என்று கொண்டார். 1970 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் ஆழ்ந்த படைகளிலே கிடைத்து, அங்கே மக்கள் வாழ்ந்த காலத்தைக் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குக் கொண்டுசென்றன.

இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். ஒரு காசு தனியே பேசுவதில்லை. அது எந்தப் படையிற் கிடந்தது, அதனருகே எவ்வகை மட்பாண்டம் கிடந்தது, மேலே என்ன, கீழே என்ன என்பவை தெரிந்தாலே அது சாட்சி சொல்லும். உரோமக் காசு ஒன்றைக் கந்தரோடையின் மண்படையிலே கண்டால், கடல் கடந்த வாணிகத்துக்கு அது சான்றாகும். அதே காசை ஒருவர் இரகசியமாய்த் தோண்டி, கழுவித் துடைத்து, தரகர் கையிற் கொடுத்தால், பின்னர் அது வெறும் உரோமக் காசு. கந்தரோடையின் காசு அன்று. காசு அழியவில்லை, சாட்சி அழிந்தது.

ஏலம் நம்மவர்க்குப் புதிதன்று. சுன்னாகம் சந்தையிலே விளைபொருள்களை ஏலங் கூறுவதை நாம் அறிவோம். கோயில் திருவிழாவிலே சுவாமிக்குப் படைத்த மாம்பழம் ஒன்று, கடை விலையைப் பன்மடங்கு கடந்து ஏலம் போவதையும் கண்டிருக்கின்றோம். அங்கே விலை பெறுவது பழமா? அன்று, போட்டியிடும் இருவருடைய பத்தியும் உள்ளத்தெழுச்சியுமே விலை பெறுகின்றன. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள ஏலக்கூடங்களிலும் நடப்பது இதுவே. ஒரே பொருளை விரும்புவோர் இருவர் இருந்தால் விலை ஏறும்; ஒருவர் விலகினால் அவ்விடத்திலே நின்றுவிடும். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏலக்காரருக்கும் வாங்கியவர் ஒரு பங்கு கொடுத்தல் வேண்டும்.

முத்திரை சேர்ப்போர் உலகிலே இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1856 ஆம் ஆண்டிலே பிரித்தானிய கயானாவில் வெளிவந்த ஒரு சத முத்திரை இன்று ஒன்றே எஞ்சியிருப்பதாக அறியப்பட்டுள்ளது. 1873 ஆம் ஆண்டில் அதைக் கண்டெடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆறு சிலிங்குக்கு விற்றான். 2014 ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 95 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. 2021 ஆம் ஆண்டிலோ ஏறத்தாழ 83 இலட்சம் டொலரே பெற்றது. அருமையான பொருள் எந்நாளும் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கைப்பணத்தைப் போடுவோர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

நமது நாட்டின் முதல் முத்திரை 1857 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி வெளிவந்தது. அதன் பெறுமதி ஆறு பென்ஸ். 1859 ஆம் ஆண்டில் வந்த நான்கு பென்ஸ் மங்கிய ரோசா நிற முத்திரை, இலங்கை முத்திரைகளுள் மிக அருமையானதாக உலகெங்கும் மதிக்கப்படுகின்றது. ஆயினும் அத்தகைய விலை பெறாத முத்திரையிலும் வரலாறு உண்டு. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்க்க மலாயா சென்ற நம்மவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், சில வீடுகளின் பழைய பெட்டிகளிலே இன்னும் கிடக்கக்கூடும். முத்திரைக்காக உறையின் மூலையை வெட்டி எடுப்பது சிறுவர் வழக்கம். அப்படி வெட்டினால், புறப்பட்ட ஊரும், வந்துசேர்ந்த நாளும், தபாற்கந்தோர்க் குறியும் போய்விடும். கந்தரோடைக் காசுக்குச் சொன்ன நியாயம் இதற்கும் பொருந்தும். உறையோடு வைத்த முத்திரையே நமது குடும்பங்களின் சரித்திரம்.

பொருளை இடத்திலிருந்து பிரித்தால் நேர்வது யாது என்பதைப் பத்தூர் நடராசர் வழக்கு நன்கு விளக்கும். தஞ்சை மாவட்டத்துப் பத்தூரிலே, பாழடைந்த சிவாலயத்தின் அருகே 1976 ஆம் ஆண்டில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் திருவுருவம் கைமாறி இலண்டனை அடைந்தது. 1982 ஆம் ஆண்டிலே கனடா நாட்டுக் கம்பனி ஒன்று அதனை வாங்கிற்று. பின்னர் ஆங்கில நீதிமன்றத்திலே வழக்கு நடந்தது. திருவுருவத்தில் ஒட்டியிருந்த மண்ணும் சாட்சியாய் ஆராயப்பட்டது. பாழடைந்த கோயிலே உரிமை கோரும் வாதியாக ஏற்கப்பட்டது. 1991 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டிலும் கோயிலே வென்று, எம்பெருமான் தமிழகம் மீண்டார். விலை கொடுத்தவர் உரிமையாளர் ஆகவில்லை. எவ்விடத்துக்கு உரியது என்பதே வென்றது.

சேர்த்தல் பிழை என்பது நமது கருத்தன்று. நம்மவருள் மாபெருஞ் சேகரிப்பாளர் இருந்திருக்கின்றனர். யாழ்ப்பாணத் தமிழ்க் குடியிற் பிறந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கீழைத்தேயச் சித்திரங்களைத் திரட்டினார். காசியிலே அரும்பொருட்சாலை அமைத்தால் அவற்றைக் கொடுப்பதாகக் கூறியும் அது நிறைவேறவில்லை. 1917 ஆம் ஆண்டில் அத்தொகுதி அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையை அடைந்தது. அவரும் அதன் காப்பாளராய் அங்கேயே அமர்ந்தார். நாம் இடங் கொடாத செல்வத்துக்குப் பிறர் இடங் கொடுத்தனர். சிறுப்பிட்டியிற் பிறந்த இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை வேறொரு வழி நின்றார். அலைந்து ஏடு தேடி, ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியம், 1887 இல் கலித்தொகை எனப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். அவர் சேர்த்தவை பெட்டியிலே பூட்டப்படாமல் உலகத்தார் கையிலே சேர்ந்தன. சேர்த்தலின் பயன் அதுவேயாம்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணிலிருந்து வெளிப்படும் புராதனப் பொருள் அரசுக்கு உரியது. கண்டெடுத்தவர் அறிவித்தல் வேண்டும். அனுமதியின்றித் தோண்டுதலும், பிறநாட்டுக்கு அனுப்புதலும் குற்றம். ஆனால், சட்டம் எல்லாத் தோட்டத்துக்கும் காவல் நிற்க முடியாது. கிணறு வெட்டுபவரும், தோட்டங் கொத்துபவரும், பழைய வீடு இடிப்பவரும் முதற் காவலர் ஆவர்.

ஆதலின் நமது வாலிபர் செய்யத்தக்கவை எளியனவே. தோட்டத்தில் காசோ ஓடோ கிடைத்தால் கழுவாமல், கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, தொல்பொருட் பகுதியினர்க்கோ பல்கலைக்கழகத்தார்க்கோ அறிவிக்க. வீட்டு ஏடுகளையும் பழைய மலர்களையும் கடிதங்களையும் பழந்தாள் வியாபாரிக்கு எடைபோடுமுன் படம் பிடித்துப் பாதுகாக்க. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளுக்கு அவற்றைக் கொடுக்க. முதியோர் தாமறிந்தவற்றைச் சொல்ல, இளையோர் எழுதிக்கொள்க.

1971 ஆம் ஆண்டிலே நல்லைநகர் ஆறுமுக நாவலரின் உருவந் தாங்கிய முத்திரை இலங்கையில் வெளிவந்தது. ஏலக்கூடத்திலே அதற்குப் பெருவிலை கிட்டாது. ஆயினும், சைவத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் அதனைக் கையில் எடுத்து, இவர் யார் என்று தன் பாட்டனாரை வினவுவானாயின், அதனினும் மேலான விலை வேறு யாது? அத்தகைய வினாக்கள் நமது வீடுகள்தோறும் எழுவனவாக.