தொலைபேசியும் மின்கலமும்: பிரித்தானிய அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

செய்தித் தொடர்பின் வரலாற்றை எழுதுவோர் புதிய கருவிகள் தோன்றிய கதையையே பெரும்பாலும் கூறுவர். அக்கருவிகளை இயக்கிய மின்சாரம் எங்கிருந்து வந்தது, அதனை வழங்கும் பொறுப்பு யாரைச் சார்ந்திருந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. செம்புக் கம்பித் தொலைபேசியைக் கைவிட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறும் முயற்சி பிரித்தானியாவிற் சந்தித்த இடர்ப்பாட்டினை விளங்கிக்கொள்வதற்கு இவ்வினாக்களே துணைபுரிவன.

தொலைபேசி அறிமுகமான காலத்தில் மின்கலம் சந்தாதாரரின் வீட்டிலேயே இருந்தது. நிலையத்தை அழைப்பதற்குக் கையாற் சுழற்றும் சிறு மின்பிறப்பாக்கியும் உடனிருந்தது. மின்கலம் வலுவிழந்தபோதெல்லாம் ஊழியர் வீடுதேடிச் செல்லவேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிற் பரவத்தொடங்கிய பொது மின்கல முறை இந்நிலையை மாற்றியது. நிலையத்திலே பெரும் மின்கலத் தொகுதியொன்றை வைத்து, பேச்சைச் சுமக்கும் அதே இரு கம்பிகளின் வழியே மின்னோட்டத்தையும் அனுப்புவதே அம்முறையாகும். பிரித்தானியாவில் இது ஏறத்தாழ 50 வோல்ற்று அளவினதாக அமைந்தது. ஊர் முழுவதும் இருளில் மூழ்கிய வேளையிலும் தொலைபேசி இயங்கியமைக்கு இதுவே காரணம். இதற்கெனச் சந்தாதாரர் எவரும் விண்ணப்பித்ததில்லை. கேளாமற் கிடைத்த பாதுகாப்பாதலின் அதன் பெறுமதியும் உணரப்படவில்லை. மின்சாரம் இன்றி இயங்காத கம்பியில்லாக் கைபேசிகளை வீடுகளிலே பலர் விரும்பி வாங்கியமை இதற்குச் சான்றாகும்.

பேச்சைப் பொதிகளாகப் பிரித்து அனுப்பும் சோதனைகள் 1974 அளவில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பில் வெற்றிகண்டன. 1995இல் இணையத் தொலைபேசி மென்பொருள் விற்பனைக்கு வந்தது. இவற்றை விரித்துரைத்தல் ஈண்டு வேண்டற்பாலதன்று. ஒளியிழை கண்ணாடியாலானது, தொலைபேசியை இயக்கும் மின்னோட்டம் அதனூடே செல்லாது. வீட்டிலுள்ள றவுட்டர் வீட்டு மின்சாரத்திலேயே இயங்குகின்றது. அது நின்றால் தொலைபேசியும் நிற்கும். நூறாண்டுகளுக்கு முன்னர் நிலையத்தைச் சென்றடைந்த பொறுப்பு இவ்வாறு வீட்டுக்கே திரும்பியது.

மாற்றத்தை விரும்பிய பொறியியலாளர்மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமன்று. 1980இல் இலண்டனில் முதன்முதலாக இயங்கத்தொடங்கிய 'சிஸ்ரம் எக்ஸ்' வகை நிலையங்கள் முதுமையடைந்திருந்தன. அவற்றுக்கான உதிரிப் பாகங்கள் அருகின. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தோரும் ஓய்வு பெற்றுவந்தனர். பழைய வலையமைப்பை 2025 முடிவுடன் மூடுவதென்ற தீர்மானம் இச்சூழலிலேயே பிறந்தது. எனினும், மின்தடையின்போது அவசர அழைப்புக்கு வழி வேண்டுமென்பதை ஒழுங்குபடுத்தும் நிறுவனமான ஒவ்கொம் மறக்கவில்லை. நிலையான தொலைபேசியையே நம்பியிருப்போருக்குக் குறைந்தது ஒரு மணித்தியாலமேனும் அவ்வசதி கிடைத்தல் வேண்டுமென 2018இல் அது வழிகாட்டியது.

2021 நவம்பர் இறுதியில் வீசிய ஆர்வென் புயல் அந்த ஒரு மணித்தியாலத்தின் போதாமையைக் காட்டியது. ஏறத்தாழப் பத்து இலட்சம் இல்லங்கள் மின்சாரத்தை இழந்தன. அவற்றுட் சில ஆயிரங்கள் ஒரு வாரத்துக்கு மேலாக இருளிற் கிடந்தன. கையடக்கத் தொலைபேசி உண்டே என்னும் வாதமும் இங்கு எடுபடவில்லை. மின்சாரம் அற்றபோது அதன் கோபுரங்களும் செயலிழந்தன. ஒதுக்குப்புறக் கிராமங்கள் பலவற்றில் முன்னரே அலை எட்டியதில்லை. 2022 மார்ச்சில் பிரிட்டிஷ் ரெலிகொம் நிறுவனம் வீடுகளை மாற்றும் பணியை இடைநிறுத்திப் பின்னர் தொடர்ந்தது.

தனித்து வாழும் முதியோர் விழுந்துவிட்டால், கழுத்திலணிந்த பொத்தானை அழுத்தி உதவி கோரும் கருவியொன்று அந்நாட்டிலுண்டு. ஏறத்தாழ 18 இலட்சம் பேர் அத்தகைய சேவையிற் தங்கியிருந்தனர். செம்புக் கம்பிக்கெனவே வடிவமைக்கப்பட்ட அக்கருவிகள் பல, புதிய இணைப்பிற் பொருத்தப்பட்டபோது சரிவர இயங்கவில்லை. பொத்தானை அழுத்தியும் அழைப்புச் செல்லாத பாரதூரமான சம்பவங்கள் வெளிவந்த பின்னரே, 2023 டிசெம்பரில் நிறுவனங்கள் அரசுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கருவி இயங்குமென்பது உறுதியாகும்வரை அத்தகையோரின் இணைப்பை அவர்தம் விருப்பமின்றி மாற்றுவதில்லை என அவை ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டில், பழைய வலையமைப்பை மூடும் நாளும் 2027 ஜனவரிக்குப் பிற்போடப்பட்டது.